முன்னால் இரண்டும் ஒரே ஜோடி

—எந்திரி ஹருமி. மண்டி போட்டுப் பாத்தா டயர் பேசவா போகுது? பனி ஈரம் முழங்கால்ல ஏறும்.

—தமயோக்கா, இடது பக்கம் புத்தம்புதுசு. வலது பக்கம் எட்டு வருஷத்துப் பழசு, வேற கம்பெனி, கல்லு மாதிரி இறுகிக் கெடக்கு. முன்னால ரெண்டும் ஒரே ஜோடியா இருக்கணும்னு உங்களுக்குத் தெரியாதா?

—தெரியும்டி. பஞ்சரானது ஒண்ணு, மாத்தினதும் ஒண்ணு. ஜோடியா வாங்கிக்கங்கன்னு கடைக்காரர் கெஞ்சினார். நான்தான் கேக்கல.

—அதான் நேத்து கணவாய் வளைவுல பிரேக்கை மிதிச்சதும் புதுசு பிடிச்சுது, பழசு வழுக்கிட்டுப் போச்சு. வண்டி இடது பக்கம் இழுத்துப் பனிக்குவியல்ல மூக்கைச் செருகிச்சு. புதுசு வலது பக்கம் இருந்திருந்தா எதிர்ல வந்த பால் லாரிக்கு அடியில போயிருப்போம்.

—போகலயே. உன் மடியில இருந்த முட்டைகூட உடையல.

—சிரிக்காதீங்க.

—சரி, தப்புதான். மார்ச்சுல லைசென்ஸைத் திருப்பிக் கொடுக்கப் போறேன் ஹருமி. கண் டாக்டர் சொல்லிட்டார். விக்கப் போற வண்டிக்கு எதுக்கு ரெண்டு புது டயர்னு நெனச்சேன்.

—அப்போ ஷோஜி அண்ணன்? வியாழக்கிழமையானா காலையிலேர்ந்து முதியோர் இல்லத்து வாசலையே பாத்துட்டு உக்காந்திருப்பாரே.

—கணவாய் தாண்டி பஸ் இல்ல. போன்ல பேசினா அவருக்குக் காது கேக்காது. கடுதாசி போடுவேன்.

—கட்டின புருஷனுக்குக் கடுதாசியா?

—வேற என்ன பண்ணச் சொல்ற? உங்கிட்ட சொன்னா அழுதுருவேன்னுதான் இத்தனை நாள் சொல்லல.

—நீங்க சொல்லணுமாக்கும். கோடையிலேயே வழிப்பலகையெல்லாம் என்னைப் படிக்கச் சொன்னீங்களே, அப்பவே புரிஞ்சுபோச்சு. கண்ணைத் துடைங்க. கடைக்குப் போன் போட்டுட்டேன். இடது பக்கத்துக்கு ஜோடியா அதே டயரை எடுத்துட்டு வந்துட்டிருக்கார்.

—கிறுக்கி. ஓட்ட ஆளில்லாத வண்டிக்கு டயரா?

—ஆளிருக்கு. அறுபத்திமூணு வயசுல, மூணு தடவை பெயிலாகி, போன வாரம் பாஸாகியிருக்கா. இந்தாங்க லைசென்ஸ். போட்டோவுல மூஞ்சி பயந்த மாதிரி இருக்கும், பொறுத்துக்கங்க.