லோதி கார்டனில் மெடிக்கல் லீவு

டில்லி மயூர் விஹாரிலிருந்து ஆபீஸ்காரர்களை ஏற்றிப் போகும் சார்ட்டர்ட் பஸ். டிசம்பர் காலை. எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள்.

“நான் ஒரு வாரமா மெடிக்கல் லீவு,” என்றாள் ஜன்னலோரத்துக்காரி.

பக்கத்தில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தவளின் ஊசி நின்றது. “அப்புறம் எதுக்குடி தினம் பஸ் ஏறறே?”

“ஃபைலைத் தொட்டாலே அழுகையா வந்துது. டாக்டர் ரெஸ்ட் எடுன்னார். ஆத்துல ஏது ரெஸ்ட்? சும்மாத்தானே இருக்கே, பரணை ஒழிச்சுடுன்னுவா மாமியார். அதான் மூச்சு விடலை. லோதி கார்டன்ல இறங்கி, வெயில்ல புல்லுல படுத்துத் தூங்கறேன்.”

“அச்சா! உங்காத்துக்காரருக்கும் தெரியாதா?”

“நேத்து கேட்டார். முகம் தெளிஞ்சிருக்கே, ஆபீஸ்ல வேலை குறைஞ்சுடுத்தான்னு.”

“ஐயையோ! என்ன சொன்னே?”

“முதுகு ஒடியறதுன்னேன். பாவம், அவரே காபி போட்டுக் கொடுத்தார்.”