ஒரே நாளில் எடுத்த இரண்டு தாள்கள்

மேற்கண்ட முகவரியில் மூத்த மகள் வீட்டில் குடியிருக்கும் நான், ஆலையில் பாய்லர் ஆளாக இருந்து ஓய்வு பெற்றவன், வயது எண்பத்தொன்று, எழுதப் படிக்கத் தெரியாது. விசாரித்ததில் சொல்வதாவது:

தேதி தெரியாது. ஆற்றுப் பாலத்தில் சரக்கு ரயில் கவிழ்ந்து ஆலைக்கு ஒன்பது நாள் நிலக்கரி வராமல் நின்ற வருடம். மகளுக்கு இரட்டைப் பிள்ளை பிறந்ததும் அதே வருடம். பாய்லரை மறுபடி மூட்டிய இரண்டாம் நாள், காலையில் எழுந்தபோது என் இடது காது அடைத்து, உள்ளே ஓயாமல் இரைந்தது. வலி இல்லை. யாரிடமும் சொல்லவில்லை. பாய்லர் ஆளுக்குக் காதுதான் கண். போனது தெரிந்தால் கூட்டிப் பெருக்க அனுப்பிவிடுவார்கள். அதன் பின்பு ஆறாம் நாள் மகள் போனில் பேசியபோது நான் அதை இடது காதில் வைத்துப் பார்த்து, "லைன் செத்துப்போச்சு" என்று மனைவியிடம் நீட்டினேன். அவள் வாங்கிப் பேசி முடித்துவிட்டு, "செத்தது லைன் இல்ல, உங்க காது. கிளம்புங்க" என்று ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். வழியில் பார்த்த எங்கள் ஆலை மேஸ்திரியும் என்ன ஏது என்று கூடவே வந்தார்.

அங்கே காது சோதிக்கும் அம்மா, அதாவது இப்போது விசாரணைக்கு உள்ளாகியிருப்பவர், சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார். சத்தம் விடும்போது சோதிப்பவரின் முழங்கை லேசாக அசையும் என்பது, வருடாவருடம் காது சோதனைக்குப் போய்வரும் எங்கள் பாய்லர் அறையில் எல்லோருக்கும் தெரியும். மேஸ்திரி வாசலில் நின்றதால் நான் முழங்கையைப் பார்த்தே அழுத்தினேன். காது நன்றாக இருப்பதாகத் தாள் வந்தது. டாக்டரும் "ஒண்ணுமில்ல, போங்க" என்றார்.

அதன் பின்பு, நான் மறந்துவிட்ட பையை எடுத்துக்கொண்டு அந்த அம்மா என் இடப்பக்கம் பின்னால் வந்து மூன்று தரம் கூப்பிட்டிருக்கிறார். நான் திரும்பவில்லை. அவர் என்னை அறைக்கு அழைத்துப்போய், மேஸ்திரியை வெளியே விட்டுக் கதவைச் சாத்தி, நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டார். "ஐயா, இப்ப சுவரைப் பாத்துக்கிட்டு அழுத்துங்க." இடது காதுக்கு நான் ஒரு தரம்கூட அழுத்தவில்லை. அவர் ஏசவில்லை. எத்தனை நாளாய் என்று கேட்டார், சொன்னேன். "ரெண்டு வாரம் தாண்டினா மருந்து அவ்வளவா பிடிக்காதுங்கய்யா, இதுவே ஆறாம் நாள்" என்றார். முதல் தாளைக் கிழித்துவிடச் சொல்லிக் கெஞ்சினேன். "எடுத்தது எடுத்ததுதான், ரெண்டும் இருக்கட்டும்" என்றார். ஆனால் முதல் தாள் எப்படிப் பொய்யானது என்று எழுதினால் என் வேலைக்கு உலை வைத்ததாகும் என்பதால், இரண்டாம் தாளில் மறுபடி சோதித்த காரணம் எழுதும் இடத்தை வெறுமையாக விட்டார். நல்ல காதைக் கெட்டதென்று எழுதி, வேண்டாத ஊசி போடவைத்து, எனக்கு விடுப்பு வாங்கித் தந்ததாக இப்போது வந்துள்ள புகாருக்கு அந்த வெற்றிடம்தான் சாட்சியாம்.

அதன் பின்பு டாக்டர் சொன்னது: ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடலாம், எனக்குச் சர்க்கரை இருப்பதால் அது ஏறும், அல்லது அதே மருந்தைச் செவிப்பறை வழியாக ஊசியில் உள்ளே விடலாம், சும்மா இருந்தாலும் சிலருக்குத் திரும்பும், எதற்கும் உறுதி இல்லை. எனக்குப் படிக்கத் தெரியாததால், மூன்று வழியையும் என் வாயாலேயே திருப்பிச் சொல்லவைத்து, தப்பியதைத் திருத்திய பிறகுதான் அந்த அம்மா ரேகை வைக்க விட்டார். நான் ஊசியைத் தேர்ந்தேன். இரண்டு வாரத்தில் நாலு ஊசி. ஒவ்வொன்றுக்கும் பின் அரைமணி நேரம் காதை மேலாக வைத்துப் படுக்க வேண்டும், பேசக்கூடாது, எச்சில் விழுங்கக்கூடாது. "கல்யாணமானதுலேர்ந்து இவரு அரைமணி வாயை மூடினது இப்பதான், இன்னும் ரெண்டு ஊசி போடுங்கம்மா" என்றாள் மனைவி. மூன்றாவது ஊசிக்குப் பின் சுவரைப் பார்த்தபடி ஒரு தரம் அழுத்தினேன். அந்த அம்மா போட்டது போட்டபடி டாக்டரைக் கூட்டிவர ஓடினார். முழுதாக வரவில்லை, பாதிக்குமேல் வந்தது. ஓய்வு பெறும்வரை அதே பாய்லரில்தான் நின்றேன்.

பொய் என்னுடையது. தண்டனை உண்டென்றால் எனக்கே. இதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, கூட்டிச் சொல்லவில்லை, இடது பெருவிரல் ரேகை வைக்கிறேன். வேறு யார் சாட்சி என்று கேட்டதற்கு: மேஸ்திரி இல்லை, டாக்டர் இல்லை, என் மனைவி போன மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தாள். என்னைத் தவிர இன்று உயிரோடு இருப்பவர், நாற்காலியைத் திருப்பிப் போட்ட அந்த அம்மா ஒருவர்தான்.