வேர்க்காத தையல்காரர்

— காதைக் கொண்டாங்க டாக்டரம்மா, என் நோய் பேரைச் சொல்லிடறேன். அரை மணி நேரத்துல பெரிய டாக்டர் வந்து உங்களைக் குடைஞ்செடுத்துடுவார்.

— வேண்டாம் அண்ணா. இந்த டாக்டர் பரீட்சையில ரெண்டு தடவை ஃபெயிலாகிக் கோட் அடிச்சாச்சு. இதுவும் போச்சுன்னா மூட்டை கட்டிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஆனா பாஸானா நானா பாஸாகணும்.

— ஆறு வருஷமா பரீட்சைக்கு நோயாளியா வந்து படுக்கறேன், எல்லாரும் கெஞ்சித்தான் கேட்பாங்க. போன வருஷம் ஒரு தம்பி உங்களை மாதிரிதான், ரோஷக்காரர். குடிப்பழக்கம்னு எழுதிட்டுப் போனார். என் வீட்டுக்காரி ரெண்டு நாள் பேசலை.

— சிரிக்க வைக்காதீங்க, இதயத் துடிப்பு கேட்கணும். என்ன வேலை பார்க்கறீங்க?

— தையல்கடை. ஆனா என்னைத்தான் டாக்டருங்க துணி மாதிரி வெட்டிப் பிரிச்சுக்கிட்டாங்க. கிட்னி ஒருத்தருக்கு, இதயம் ஒருத்தருக்கு, காது ஒருத்தருக்கு. பத்து வருஷம் கழிச்சு இந்தப் பெரிய டாக்டர்தான் ஒட்டுமொத்தமா பார்த்துட்டு, எல்லாம் ஒரே நோய்தான்னார்.

— இடுப்புல இந்தச் சிவப்புப் புள்ளிங்க?

— சின்ன வயசுல வந்தது. வலி கிலி ஒண்ணும் கிடையாது. ஓசியில கிடைச்ச டிசைன்!

— முதல்ல வந்த தொந்தரவு?

— உள்ளங்கால் எரிச்சல். பள்ளிக்கூடத்துல ஓடினா போதும், உயிர் போயிடும். வேர்க்கவும் வேர்க்காது. சட்டை அழுக்காகாது, அது லாபம். ஆனா உடம்பு கொதிக்கும்.

— அப்போ... செருப்பைக் கழட்டிட்டு ஈரத் தரையில போய் நிப்பீங்களா?

— அட, ஆமா!

— காய்ச்சல் வந்தா எரிச்சல் கூடும். விரல் நுனியில ஊசி குத்தும். இல்ல?

— தையல்காரனுக்கு ஊசி குத்தறது புதுசா? ஆனா சரியாச் சொல்றீங்க. இத்தனை வருஷத்துல ஒருத்தரும் இதைக் கேட்டதில்லை. ஏன் டாக்டரம்மா, எழுதறதை நிறுத்திட்டீங்க?

— ஒண்ணுமில்ல... இதை வச்சுக்கிட்டு நல்லா இருக்க முடியுதா அண்ணா?

— என்னைப் பார்த்தா எப்படித் தெரியுது? ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை மருந்து ஏத்திக்கறேன். எரிச்சல் பாதி போயிடுச்சு. கடை ஓடுது, வீட்டுல திட்டு விழுது. முன்னாடியே தெரிஞ்சிருந்தா கிட்னியும் தப்பிச்சிருக்கும், அது ஒண்ணுதான் குறை. இதோ, பெரிய டாக்டர் வந்துட்டார்.

— என்னம்மா, நேரம் முடிஞ்சது. சொல்லு, இவருக்கு என்ன?

— பிறவியிலேயே வர்ற மரபணுக் கோளாறு சார். ஒரு என்சைம் வேலை செய்யலை. அதனால ஒரு வகைக் கொழுப்பு கிட்னி, இதயம், நரம்புன்னு எல்லா இடத்துலயும் தேங்குது.

— உங்க பாடத்துல இது ரெண்டே வரி! ஏம்பா தையல்காரா, காதுல ஓதிட்டியா? அப்படின்னா இந்தப் பொண்ணு ஃபெயில்.

— ஐயோ, சத்தியமா இல்ல சார்! வலியப் போய்ச் சொன்னேன், வேண்டவே வேண்டாம்னுட்டாங்க.

— அப்போ எப்படிம்மா? ஈரத் தரை, ஊசி குத்தல்னு எழுதியிருக்க. எந்தப் புத்தகத்துல படிச்ச?

— எதுலயும் படிக்கலை சார். ஆறு வயசுல இருந்து நானும் ஈரத் தரையிலதான் நிக்கறேன். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட நடிக்கறேன்னு வீட்டுல அடிச்சாங்க... நான் நடிக்கலை சார்!