கணப்பு ஓரத்து நாற்காலி

அட, உக்காருங்க தம்பி, எந்திரிக்காதீங்க! என் எடந்தான்... இல்ல இல்ல, என் எடம்னு யாரு சொன்னா? நாப்பது வருசமா நான் உக்கார்றேன், அவ்வளவுதான். இந்த ‘மூணு பீப்பாய்’ பப்புல சூடு வர்ற எடம் இந்தக் கணப்பு ஓரம் ஒண்ணுதான், அதனால என்ன? முன்பின் தெரியாத ஆளப் பாத்து எந்திரின்னு சொல்றதா? சேச்சே! அப்படிச் சொன்னவன் எங்க ஊர்ல அப்புறம் மூஞ்சியக் காட்ட முடியுமா?

எனக்கு உங்களப் பத்தித்தான் கவலை. தலைக்கு மேல அந்த உத்தரம்... கப்பல ஒடச்சு எடுத்த கட்ட. இன்னும் கடல்லதான் இருக்கோம்னு அதுக்கு நெனப்பு. காத்தடிச்சா ஆடும் பாருங்க! போன தடவ பாதிரியாருக்கு வாந்தியே வந்துடுச்சு. ஏ ஹெட்டி, சிரிக்காத, பீர ஊத்து! மொதலாளியம்மாவாம், எதுக்கெடுத்தாலும் சிரிப்பு.

நகரலியா... சரி. நீங்க சாஞ்சிருக்கிற செவுத்தப் பாத்தீங்களா? உள்ள செங்கல்லே கெடையாது. வெறும் குச்சி, களிமண்ணு, சாணி. எந்தக் காலத்து மாடோ, மழ பேஞ்சா இன்னமும் கத்துது! பொகபோக்கி? அது தெனம் கொஞ்சம் கொஞ்சமா நம்ம பக்கமா எறங்கிட்டிருக்கு. தரையோ கணப்பப் பாத்துச் சரிவு. நம்ம பெர்சிவல் இதே நாற்காலில கண்ணசந்தான், முழிச்சப்போ நெருப்புக்குள்ள இருந்தான். பாதி மீச போச்சு!

என்ன, பைய எடுக்கறீங்க? கெளம்பிட்டீங்களா? அடடா, அதுக்குள்ளயா! ஒரு வாய் குடிச்சிட்டுப்... ஓ, அளவுநாடாவா. எதுக்கு?

...கவுன்சில் ஆபீசா? பழங்கட்டடத்தச் சோதிக்கிற அதிகாரியா?

ஆமா, உத்தரம் ஆடுதுன்னு நாந்தான் சொன்னேன். கொஞ்சந்தான் தம்பி... கொஞ்சங்கூட இல்ல! பொகபோக்கியா? அது பொறந்ததுலேர்ந்தே அப்படித்தான். பெர்சிவலுக்கு மீசையே கெடையாதுங்க! ஏ ஹெட்டி, நான் புளுகன்னு இவர்கிட்டச் சொல்லேன்! தெனமும் சொல்லுவியே, இன்னிக்கு மட்டும் ஏன் வாயத் தொறக்க மாட்டேங்கற?

ஐயோ, குறுக்க எதுக்கு அந்தச் செகப்பு நாடா? யாரும் உக்காரக் கூடாதா? எது வரைக்கும்? ...சோதன முடியற வரைக்குமா? வசந்தத்துலயா? இப்பத்தானே நவம்பர் பொறந்திருக்கு! நான் எங்க போவேன்? கக்கூஸ் கதவுப் பக்கமா?

சார்... சார், கோவிச்சுக்காதீங்க. நாற்காலிய நாடாவுக்கு இந்தப் பக்கமே போட்டுக்கறேன்... ஒரு கால மட்டும் அடியில உள்ள நீட்டிக்கலாமா?