போடியார் வீட்டின் பின்சுவர்

பழைய வீடுகளைக் கறையானைவிட அதிகம் கெடுப்பவர்கள் அவற்றில் குடியிருப்பவர்கள்தான். விசாரிக்க வந்திருக்கும் நீங்களும் வீடுவாசல் உள்ளவர், புரிந்துகொள்வீர்கள்.

இறக்காமத்துக் கல்வீட்டையும் வயலையும் உண்டாக்கியவர் உம்மாவைப் பெற்ற எங்கள் மூத்தவாப்பா, ஏக்கர் கணக்கில் வயல் வைத்திருந்த பெரிய போடியார். எங்கள் பக்க வழக்கப்படி வீடு பெண்பிள்ளைக்கு. அவரிடமிருந்து உம்மாவுக்கு, உம்மாவிடமிருந்து எனக்கு மூத்தவளான சித்திலைலா ராத்தாவுக்கு. ஆண்பிள்ளை எனக்குப் படிப்புக் கிடைத்தது. அந்தப் படிப்பால்தான் கல்வீடு பழம்பொருள் காட்டும் நூதனசாலையானது. நான் அதன் தலைவரானேன். பிள்ளைகளில்லாத விதவை ராத்தா, அவளுடைய வீட்டிலேயே தொடர்ந்து இருக்கலாம் என்று பெருந்தன்மையாக அனுமதித்தேன்.

அவள் அதற்குத் தகுதியாக நடந்துகொள்ளவில்லை. பேராசிரியர் ஒருவருக்குப் போடியாரின் கட்டிலைக் காட்டி நான் விளக்கிக்கொண்டிருக்க, குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அது போன பெருநாளைக்கு அக்கரைப்பத்துல எடுத்த கட்டில், மகன். வடிவா இரிக்கா?"

கல்முனையில் என் வீட்டில் என்னோடு வந்திருக்கச் சொன்னேன்.

"என்ட ஊட்ட விட்டுட்டு நான் எங்கடா போற? நீ போ. வேணுமெண்டா கட்டிலையும் தூக்கிட்டுப் போ."

பேராசிரியர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அதன்பிறகு வீட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதில் முழுமூச்சாக இறங்கினேன். பின்சுவரில் உம்மா பூசுவித்த சீமெந்தைச் சுரண்டி எடுத்தோம். உள்ளே களிமண் வைத்து அடுக்கிய கல், தள்ளினால் அசையும். அசல் என்றால் அதுதான். பின்னர் போகம் வெட்டியதும், ராத்தா படுக்கும் அறையை ஒட்டிய களஞ்சியத்தில் கூரை முட்ட நெல் நிரப்பினேன். இறக்காமத்தில் இப்போது யாரும் நெல்லை வீட்டில் வைப்பதில்லை. களத்திலிருந்தே ஆலைக்கு ஏற்றிவிடுவார்கள். நெல் மணத்துக்கு யானை சுவரை உடைக்கும் என்பது அங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

"என்ன தம்பி, ஆனைக்கு வலீமாச் சாப்பாடு குடுக்கப் போறியா?" என்றாள் ராத்தா.

"போடியார் வீட்டில நெல்லு இல்லாட்டி ஆக்கள் என்னத்தப் பாக்க வாற?"

"ஓம், என்ட மையித்தப் பாக்க வருவாங்க." பிறகு கொஞ்சம் யோசித்து, "ஆனை வேலியில கரண்ட் ஓடுதுதானே?" என்று கேட்டாள்.

"ஓடுது ராத்தா."

நான் பொய் சொல்லவில்லை. அப்போது ஓடியது. அந்தியில் கல்முனைக்குப் புறப்படும்போதுதான் நிறுத்தினேன். மூத்தவாப்பா காலத்தில் ஏது கரண்ட்?

சுபஹுத் தொழுகைக்குப் பிறகு செய்தி வந்தது. ஒற்றை யானைதான். பின்சுவர் ராத்தாவின் அறைக்குள் உள்பக்கமாக விழுந்திருந்தது. கல்லைப் புரட்டி ராத்தாவை எடுக்க ஏழெட்டுப் பேர் தேவைப்பட்டார்கள். ஜனாஸாவை முன்னின்று நடத்தியது நான்தான்.

சுவரைத் திருப்பிக் கட்டவில்லை. முன்னால் கயிறு கட்டி, யானைகளுக்கும் மனிதர்களுக்குமான பிணக்கு என்று புதிய பகுதியொன்று திறந்திருக்கிறேன். சனம் அள்ளுப்படுகிறது.

என்னைக் கொண்டுபோவதென்றால் போகலாம், மறுப்பில்லை. ஆனால் சனிக்கிழமை பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருகிறார்கள். ராத்தாவைப் பற்றி அவர்களுக்கு நல்லபடியாக எடுத்துச் சொல்ல, இந்தக் குடும்பத்தில் என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?