பதிவேடு மூடும்வரை

இன்ஸ்பெக்டர் ஐயாவுக்கு,

உங்களுக்குக் கால்பந்து பிடிக்காது என்று நேற்று சொன்னீர்கள். இருபத்திரண்டு பேர் ஒரே ஒரு பந்துக்கு அடித்துக்கொள்வதில் என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். என் மனைவியும் கல்யாணமான நாளிலிருந்து அதையேதான் கேட்கிறாள். அதனால் நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

டீ வரவழைத்துக் கொடுத்தீர்கள். ரோசரி கொடுத்த மனுவை இரண்டு தடவை படித்தீர்கள். "எட்டு வருஷத்துக்கு முந்தின சமாச்சாரம், கம்பவுண்டரே. காகிதம் இல்ல, சாட்சி இல்ல. அந்தப் பொண்ணு அண்ணனை நினைச்சு ஏதோ எழுதியிருக்கு. வாயுன்னு நினைச்சேன்னு நாலு வரி எழுதிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போங்க" என்றீர்கள். நாலு வரியில் முடிக்கத்தான் இன்று காலை உட்கார்ந்தேன். வரவில்லை. கொஞ்சம் நீளமாகப் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் ஸ்தனிஸ்லாஸ். வயது ஐம்பத்தாறு. மேலப்புதூரில் டாக்டர் அற்புதசாமியிடம் முப்பது வருஷமாகக் கம்பவுண்டர். பாலக்கரை ரோவர்ஸ் கால்பந்து கிளப்புக்கு அதே முப்பது வருஷமாகச் செயலாளர். எங்களுக்குப் பிள்ளைகள் கிடையாது.

கிளப் சார்பில் தினமும் காலை ஆறு மணிக்குச் சின்னப் பையன்களுக்குப் பயிற்சி கொடுப்பேன். அறுபது பேர் வருவார்கள். வருஷத்துக்கு ஒருவன் தேறினால் பெரிய விஷயம். யார் தேறுவான் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வழி உண்டு. பந்தைப் பறிகொடுத்த பையன் அடுத்த விநாடி என்ன செய்கிறான் என்று பார்ப்பேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறவனை அடுத்த வாரம் வர வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். அழுவார்கள். அழுதுவிட்டு வேறு ஏதாவது உருப்படியாகச் செய்வார்கள்.

சகாயநாதன் நிற்கவில்லை. எழுபத்தொன்றாம் வருஷம், பதினோரு வயசு. வெறுங்கால். பந்தைப் பிடுங்கினவன் பின்னாலேயே ஓடி, விழுந்து, முழங்காலில் ரத்தத்தோடு திரும்பப் பிடுங்கினான். பிடுங்கியது இடது காலால். திருச்சி ஜில்லாவில் அப்படி ஓர் இடது கால் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அவனுடைய முதல் பூட்ஸ் நான் எடுத்துக் கொடுத்தது. ஜுரம் வந்தால் மருந்து நான் கலந்து கொடுத்தது. அப்பா இல்லாத பையன். அம்மா செல்வமேரி சுருட்டுக் கம்பெனியில் சுருட்டு சுற்றுகிறவள். தங்கை ரோசரி நண்டு மாதிரி அவன் பின்னாலேயே கிரவுண்டுக்கு வந்து கோல் போஸ்ட்டைக் கட்டிக்கொண்டு நிற்பாள். பதினேழு வயசில் அவனை முதல் டீமில் போட்டேன். அதற்காக, ஒன்பது வருஷம் இடது விங் ஆடின காத்தானை லிஸ்டிலிருந்து அடித்தேன். காத்தான் பூட்ஸைக் கழற்றி என் மேஜை மேல் வைத்துவிட்டுப் போனவன், அப்புறம் கிரவுண்டுப் பக்கம் தலைகாட்டவே இல்லை. டீம் பொறுக்குகிறவன் அதையெல்லாம் பார்க்க முடியாது.

எழுபத்தொன்பது மே மாதம் செல்வமேரி ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

"கம்பவுண்டரய்யா, திருவெறும்பூர்லேர்ந்து அடைக்கலம்னு ஒருத்தர் வந்தாருங்க. ஃபாக்டரி டீமுக்கு மேனேஜராம். நம்ம சகாயத்துக்கு பெர்மனன்ட் வேலைங்கறார். குவார்ட்டர்ஸ் வேற. வீட்டுக்குள்ளயே குழாயாம். எல்லாம் நீங்க போட்ட புள்ளையார் சுழிங்க."

"புள்ளையார் சுழியா? சாமியார் காதுல விழப் போவுது" என்றேன்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். ரொம்ப சந்தோஷம்மா என்றேன். பிறகு உள்ளே வந்து, பாதியில் விட்ட மிக்ஸ்சரைக் கலக்கி முடித்தேன். அளவு தப்பவில்லை.

இப்போது உங்களுக்கு ஒரு விஷயம் விளக்க வேண்டும். ஆட்டக்காரன் கிளப் மாறுவதற்கு வருஷத்தில் மூன்றே நாள்தான். அந்த வருஷம் மே இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது. ஜில்லா கால்பந்துச் சங்கத்தின் ஆபீசில் பதிவேடு திறந்திருக்கும். காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை. ஆட்டக்காரன் நேரில் வந்து, புதுக் கிளப்பின் பெயருக்கு எதிரே கையெழுத்துப் போட வேண்டும். மூன்றாம் நாள் ஐந்து மணிக்குப் புத்தகத்தை மூடிவிட்டால் அவன் பழைய கிளப்பிலேயே இன்னொரு வருஷம்.

அதனால் எல்லாக் கிளப்பும் அந்த மூன்று நாளும் நல்ல ஆட்டக்காரர்களை எங்கேயாவது பதுக்கி வைப்போம். இது ஊரறிந்த வழக்கம். வேளாங்கண்ணிக்குக் கூட்டிப்போவோம், பச்சைமலையில் வைப்போம். கோழி பிரியாணி, சீட்டுக்கட்டு, சிரிப்பு. ஐந்தடித்ததும் வீட்டுக்குக் கொண்டுவந்து விடுவோம். யாரும் போலீசுக்குப் போனது கிடையாது.

சகாயத்தை ஸ்ரீரங்கத்தில் வைத்தேன். மேல அடையவளஞ்சான் வீதியில் தேசிகாச்சாரி என்று ஒரு ரிட்டையர்டு தபால்காரர், எங்கள் ஆட்டம் ஒன்றுகூட விடமாட்டார். பம்பாயில் மகளைப் பார்க்கக் கிளம்பிக்கொண்டிருந்தவர் சாவியை என் கையில் கொடுத்து, "பாலக்கரைப் பிள்ளையாண்டானை நம்மாத்துல வந்து எவன் ஓய் தேடப் போறான்? பெருமாளே பார்த்துப்பார்" என்றார்.

சகாயத்திடம் நான் சொன்னது வேறு. "அடைக்கலம்தான் உன்னைப் பத்திரமா வைக்கச் சொன்னார். இல்லாட்டி வேற கிளப்காரன் உன்னைத் தூக்கிட்டுப் போயிடுவான். மூணாம் நாள் சாயந்தரம் நானே உன்னை ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போய்க் கையெழுத்துப் போட வைக்கிறேன்" என்றேன். அடைக்கலத்தோடு இதைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை. சகாயம் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தான். டாக்டரிடம் மூன்று நாள் லீவு சொல்லியிருந்தேன்.

முதல் நாள் நன்றாகவே போயிற்று. கூடத்தில் தலையணையைப் பந்தாக உதைத்துக்கொண்டிருந்தான்.

"மூணு நாளும் புளியோதரைதானா சார்? இந்தத் தெருவுல ஒரு கருவாட்டு வாசம்கூட இல்லியே. எப்படி சார் இவங்க உசுரோட இருக்காங்க?"

"கையெழுத்துப் போட்டுட்டு வந்து கருவாட்டுக் குழம்பா குடி."

"அம்மா இப்பவே வாங்கி வெச்சிருக்கும் சார்."

இரண்டாம் நாள் காலை வயிற்று வலி என்றான். தொப்புளைச் சுற்றி. இட்லியைத் தள்ளிவிட்டான். வாந்தி எடுத்தான். நானும் முதலில் வாயு என்றுதான் நினைத்தேன். அந்த ஒரு வரி உண்மை. நீங்கள் கேட்ட நாலு வரியில் அதை எழுதிக்கொள்ளலாம்.

மதியம் வலி வலது பக்கம் அடிவயிற்றுக்கு இறங்கியது. உடம்பு கொதித்தது. அவனைப் பாயில் படுக்க வைத்து, அந்த இடத்தில் விரலால் அழுத்தி, சட்டென்று எடுத்தேன். துள்ளினான். டாக்டர் அற்புதசாமி அப்படிச் செய்வதை நான் நூறு தடவையாவது பார்த்திருப்பேன். துள்ளுகிறவனுக்கு உடனே சீட்டு எழுதிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார். குடல்வால் வீங்கியிருக்கிறது, அன்றைக்கே அறுத்து எடுக்க வேண்டும் என்று அர்த்தம்.

"ஆஸ்பத்திரிக்குப் போயிடலாமா சார்?"

"போலாம். ஆனா இப்பப் போய்ப் படுத்துட்டா கையெழுத்துக்கு யாரு வருவா? வேலை போயிடும்ப்பா. நாளைக்கு சாயந்தரம் வரைக்கும் தாங்குவியா?"

"தாங்கிக்கறேன் சார்" என்றான். வலிக்கு ஊசி போட்டேன். ஊசி என் பையில் எப்போதும் இருக்கும்.

ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு அங்கேயே பதுக்கியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். முடியாது. ஆட்டக்காரன் நோயாளியாகப் படுத்திருந்தால் சங்கத்துக்காரர்கள் பதிவேட்டைப் படுக்கைக்கே கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கலாம் என்று ஒரு விதி இருந்தது. அதற்கு முந்தின வருஷம், காலொடிந்து கிடந்த ஒரு கோல்கீப்பருக்காக நான் கூட்டத்தில் எழுந்து நின்று வாதாடி வாங்கின விதி அது. அடைக்கலம் அந்தக் கூட்டத்தில் இருந்தார்.

மூன்றாம் நாள். புதன்கிழமை. காலை முழுக்க முனகிக்கொண்டிருந்தான். பிறகு முனகல் நின்றது. நான் வாசல்பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கூப்பிட்டான்.

"சார், வலி போயிடுச்சு."

எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். சிரித்தான். "சட்டுனு நின்னுடுச்சு சார். மாதா புண்ணியம். ஒரு காப்பி கிடைக்குமா?"

முந்தின நாள் காலையிலிருந்து வலித்த வலி ஒரு நொடியில் நின்றால் அதற்குப் பெயர் குணம் இல்லை. உள்ளே குடல்வால் வெடித்துவிட்டது. சீழ் வயிறு முழுக்கப் பரவ ஆரம்பித்துவிட்டது. ஒரு மணி நேரம் கொஞ்சம் சுகமாக இருக்கும். அதற்குப் பிறகு எந்த மருந்தும் பிடிக்காது. இதையும் டாக்டர் ஒரு தடவை, ஒரு பெண் பிள்ளையின் கட்டிலருகே நின்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்.

காப்பி கொடுக்கவில்லை. ஈரத்துணியால் உதட்டைத் துடைத்துவிட்டேன். நாற்காலியை அவன் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

அவன் பேசிக்கொண்டேயிருந்தான். முதல் மாசச் சம்பளத்தில் அம்மாவைச் சுருட்டுக் கம்பெனியிலிருந்து நிறுத்திவிட வேண்டும் என்றான், இருமல் நிற்கவே மாட்டேன் என்கிறதாம். ரோசரியை நர்ஸுக்குப் படிக்க வைக்க வேண்டும். "நீங்க ஞாயித்துக்கிழமைல குவார்ட்டர்ஸ் பக்கம் வரணும் சார். அங்கயும் பசங்க இருப்பாங்க. நாம ரெண்டு பேரும் சேர்ந்து சொல்லிக் குடுக்கலாம்." வரேன் என்றேன்.

இரண்டு மணிக்கு நடுக்கம் வந்தது. வயிறு பலகை மாதிரி ஆயிற்று. பேச்சு குறைந்தது. மணி என்ன, மணி என்ன என்று மட்டும் கேட்டான். சரியான மணியைத்தான் ஒவ்வொரு தடவையும் சொன்னேன். நாலேகாலுக்குச் சட்டையை எடுத்து மாட்டினான். பொத்தான் போட விரல் வரவில்லை. நான் போட்டுவிட்டேன். தலையும் வாரிவிட்டேன்.

"போலாமா சார்?"

"டாக்ஸி சொல்லியிருக்கு. வந்துடும்."

சொல்லியிருக்கவில்லை. ஐந்து மணி ஐந்து நிமிஷத்துக்குத்தான் எழுந்து போய், மொட்டைக் கோபுரத்தடியில் டாக்ஸி பிடித்தேன்.

காவிரிப் பாலத்தில் அவன் தலை என் தோளில் இருந்தது. ஆற்றில் தண்ணீர் இல்லை, வெறும் மணல். பாலம் தாண்டியதும் தலையை நிமிர்த்தி வெளியே பார்த்தான்.

"ஆபீஸ் இந்தப் பக்கம் இல்லியே சார்."

"முதல்ல ஆஸ்பத்திரிப்பா."

"மணி?"

"அஞ்சரை."

அவன் தலையை மறுபடி என் தோளில் வைக்காமல் அந்தப் பக்கக் கதவில் சாய்த்துக்கொண்டான். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

ஜூன் ஒன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை விடியும்போது இறந்துபோனான். ஆபரேஷன் செய்த டாக்டர், மதியத்துக்கு முன்னால் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார். வாயு என்று நினைத்துவிட்டேன் என்றேன். எல்லாரும் நம்பினார்கள். நான் அழுததும் நிஜம். செல்வமேரி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "கடைசி வரைக்கும் நீங்க கூட இருந்தீங்களே, அது போதுங்க" என்றாள். அவள் இறக்கும்வரை மாசாமாசம் இருமல் மருந்து நான்தான் கொடுத்தேன்.

ரோசரி நர்ஸானது அவளுடைய சொந்த முயற்சி. போன மாசம் ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் என்னை நிறுத்தினாள். வெள்ளைப் புடவை. அண்ணனுடைய கண் அப்படியே. சண்டை போடவில்லை, ஒரே ஒரு கேள்விதான்.

"அண்ணனுக்கு வலி எத்தனை மணிக்கு நின்னுச்சு?"

"எட்டு வருஷமாச்சேம்மா. ஞாபகம் இல்ல."

"நீங்க மணி பாக்காம ஒரு ஊசி போட்டு நான் பார்த்ததில்லீங்க."

அவள் போய்விட்டாள். மறுநாள் உங்களிடம் மனு கொடுத்தாள்.

ஐயா, பதினொன்று இருபது. அப்போதே எனக்குத் தெரியும். சந்தேகம் இல்லை, நினைப்பு இல்லை, தெரியும். அந்த வீட்டிலிருந்து டாக்ஸி நிற்கிற இடம் பத்து நிமிஷ நடை. நான் ஐந்தே முக்கால் மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவன் போய்விடக் கூடாது, அவ்வளவுதான். இதை ரோசரியிடம் காட்டுங்கள். கீழே கையெழுத்தும் தேதியும் போட்டிருக்கிறேன்.

மனுவில் அவள் ஒன்று தப்பாக எழுதியிருக்கிறாள். கிளப் கோப்பை ஜெயிக்க வேண்டும் என்பதற்காக அவனைக் கொன்றேன் என்கிறாள். கோப்பை எனக்கு ஒரு பொருட்டே இல்லை. நான் அவன் நல்லதைத்தான் பார்த்தேன். அடக்கத்தன்று கல்லறை வாசலில் அடைக்கலம் என் பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நல்ல புள்ளை சார். முதல் வருஷம் ரிசர்வுல உக்கார வெச்சு, மெதுவா ஏத்தலாம்னு இருந்தோம்."

ஒரு வருஷம், ஐயா. சகாயத்தைப் பெஞ்சில் உட்கார வைத்திருப்பார்கள். அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் தூக்கம் வருவதில்லை.