துறைமுகத்தில் திட்டக் கூடாது

— “சொறி புடிச்ச நண்டே”ங்கிறது கெட்ட வார்த்தையா மகளே? நீயே சொல்லு.

— அது பரவாயில்லீங்க ஐயா. அதுக்கு அடுத்ததா ஒண்ணு கத்துனீங்களே, அதுதான் பிரச்சினை.

— எது? நங்கூரத்தை எங்கே சொருகிக்கணும்னு சொன்னேனே, அதா?

— ஐயையோ, மெதுவா! அந்தம்மா நாயைக் கூட்டிக்கிட்டு வர்றாங்க.

— அந்தம்மா வாயை நீ கேட்டதில்ல பாத்துக்க. இந்தப் போர்த்வெல்லன் ஊர்ல மீன் புடிச்ச அத்தனை பேரும் அதைச் சொல்லித்தான் வலை இழுத்தோம். எங்கப்பா காலத்துத் திட்டு.

— இருக்கட்டுங்க. இப்ப அங்க பலகை வெச்சிருக்கோம், பாருங்க. துறைமுகத்துல கூச்சல் கூடாது, கெட்ட வார்த்தை கூடாது, குடி கூடாது, கடல்காக்கைக்குத் தீனி போடக் கூடாது. கவுன்சில் ஆணை. போன மாசத்துலேர்ந்து அமல்.

— நேத்து ஒரு கடல்காக்கை என் கையில இருந்த கறி வெச்ச பேஸ்ட்டியை அப்படியே தூக்கிட்டுப் போச்சு. அது நான் தீனி போட்ட கணக்கா, அது திருடுன கணக்கா?

— பேச்சை மாத்தாதீங்க ஐயா. உங்க மேல புகார் வந்திருக்கு. உங்க மேல மட்டுமில்ல, ஆத்துக்கு எதிர்க்கரைக்காரர் மேலயும். முதல் தடவைங்கிறதால எச்சரிக்கையோட விடறேன். பேரு?

— ஹெட்லி ட்ரெவாரோ. உன் பேரு?

— மோர்வென்னா. ஆமா, எதிர்க்கரையில ஆளே இல்லியே, யாரைத்தான் திட்டுனீங்க?

— என் தம்பியை. அந்தப் பச்சைக் கதவு தெரியுதா? சுவர்ல வலை காயுதே, அந்த வீடு. டென்சில்னு பேரு. துரோகி.

— கூடப்பொறந்த தம்பியவா?

— கேளு பாத்துக்க. ரெண்டு கரைக்கும் வருசா வருசம் படகுப் போட்டி. ஆறு பேரு துடுப்பு போடுவோம், ஒருத்தன் சுக்கான் புடிப்பான். எங்க படகுக்குச் சுக்கான் புடிச்சவன் இவன். அந்தக் கரைப் பொண்ணைக் கட்டிக்கிட்டான், சரி, போ. வீட்டையும் அங்கேயே வெச்சுக்கிட்டான், சரி, அதுவும் போ. அடுத்த போட்டிக்கு அவங்க படகுல உக்காந்து சுக்கான் புடிச்சான் மகளே! புடிச்சு, எங்களை ஜெயிச்சும் தொலைச்சான்.

— அதுக்காகவா பேச்சு வார்த்தை இல்ல?

— எப்படி இல்லாம போகும்? தினம் பேசறோமே. காலையில நான் இந்தக் கரையில வந்து நின்னு திட்டுவேன். அவன் கதவைத் திறந்துக்கிட்டு வந்து பதிலுக்குத் திட்டுவான். ஆளுக்கு நாலு வார்த்தை. அப்புறம் ரெண்டு பேரும் உள்ள போயிருவோம். அவன் பொண்டாட்டி செத்தப்போகூட ஒருநாள் நின்னதில்ல.

— அன்னிக்குமா திட்டுனீங்க?

— திட்டலேன்னா, நான் அவனுக்காக அழறேன்னு கண்டுபுடிச்சிருப்பான்ல?

— ஐயா… இன்னிக்கு அவர் வெளிய வரலியே.

— வரல. அதான் ரெண்டாவது வார்த்தைக்குப் போனேன். அதைச் சொன்னா செத்த பொணமும் எந்திரிச்சு வந்து… ச்சே, என்ன வார்த்தை வருது வாயில.

— தூங்கிட்டிருப்பாரு.

— மீன்காரன் இத்தனை வெயில் ஏறுன பிறகா தூங்குவான்? திரைச்சீலையும் மூடியிருக்கு பாரு. நீ ஏதும் போய் அவனை மிரட்டிட்டியா?

— நான் இன்னும் அந்தப் பக்கமே போகலீங்க. உங்களைப் பாத்துட்டுத்தான் போகணும்னு இருந்தேன். போன் பண்ணிப் பாருங்களேன்.

— நம்பர் யாருக்குத் தெரியும்? கூப்பிடு தூரத்துல இருக்கறவனுக்கு எதுக்கு நம்பர்?

— தோணியில போலாமே?

— குளிர்காலத்துல தோணிக்காரன் ஸ்பெயினுக்குப் போயிருவான். பாலத்தைச் சுத்திக்கிட்டு நடந்தா மதியம் ஆயிரும். மகளே, நான் இன்னொரு தடவை கத்தறேன். நீ அபராதம்கூடப் போட்டுக்க.

— இருங்க இருங்க. மரியாதையாக் கூப்பிடுங்க. அதுக்குத் தடையில்ல.

— மரியாதையாவா? அவனையா?

— முயற்சி பண்ணுங்க.

— சரி. டென்சில்! தம்பீ! சௌக்கியமா இருக்கியாப்பா?… பாத்தியா, கதவு அசையல. உள்ள உசுரோட இருந்திருந்தாலும் இதைக் கேட்டு அதிர்ச்சியில போயிருப்பான்.

— எங்கேங்க கிளம்பிட்டீங்க ஐயா? உக்காருங்க.

— பாலத்துக்கு. நடந்தே போறேன்.

— சரி, தள்ளுங்க. நான் கூப்பிடறேன். டென்சில் ஐயா! ஏ டென்சில் ஐயா!… ஏய், துடுப்புக்கு லாயக்கில்லாத ஓட்டைப் படகே! புழுத்துப்போன கானாங்கெளுத்தியே! வெளிய வாய்யா!

— அடி என் தங்கமே! சீருடையைப் போட்டுக்கிட்டா இப்படி? எங்கே கத்துக்கிட்டே?

— எங்க தாத்தாவும் வலை இழுத்தவருதாங்க.

— யாருடா ஹெட்லி இந்தப் பொண்ணு? எதுக்கு என் வீட்டைப் பாத்து வாயைக் கோணிக்கிட்டு நிக்குது?

— டென்சில்! அடப்பாவி, நீ எங்கேர்ந்துடா முளைச்சே? எப்படா வந்தே?

— என்ன?

— எப்ப வந்தேன்னேன்!

— வலது பக்கம் வந்து பேசு. இடது காது சுத்தமாப் போச்சு, வலதுலயும் பக்கத்துல பேசினாத்தான் கேக்கும். விடியறதுக்கு முன்னாடியே கிளம்புனேன். பாலம் வரைக்கும் நடை, அப்புறம் பால்வண்டிக்காரன் ஏத்திக்கிட்டான். வழியில குங்குமப்பூ பன்னு சுடச்சுட வாங்குனேன். இந்தா, புடி. பாப்பா, நீயும் எடுத்துக்க.

— காது போச்சா? என்னடா சொல்றே? நேத்துகூட வாய்க்கு வாய் பதில் சொன்னியேடா!

— எங்கே சொன்னேன்? நீ கையை ஆட்டுனா திட்டறேன்னு அர்த்தம். நானும் குத்துமதிப்பா ஏதாவது திட்டி வைப்பேன். ரெண்டு வருசமா அப்படித்தான் ஓடுது.

— அதானா! நான் உன் சுக்கானைப் பத்திக் கேட்டா, நீ என் மூக்கைப் பத்திப் பதில் சொல்லுவே. சரி, புத்தி பிசகிப்போச்சுன்னு நெனைச்சேன் பாத்துக்க.

— அந்த மூக்கைப் பத்தி எப்பவேணா சொல்லலாம்.

— டென்சில் ஐயா, நான் கவுன்சில் ஆளுங்க. மோர்வென்னா. உங்களுக்கும் எச்சரிக்கை சொல்லணும். துறைமுகத்துல கூச்சல் போடக் கூடாது.

— தெரியும் பாப்பா. அதான் வந்துட்டேன். பெஞ்சுல பக்கத்துல உக்காந்து மெதுவாத் திட்டுனா சட்டம் ஒண்ணும் சொல்லாதே?

— காதுக்குள்ள திட்டுங்க. யாரும் கேக்க மாட்டாங்க.

— அப்ப தினமும் நடந்தே வருவியாடா நீ? இந்த முட்டியை வெச்சுக்கிட்டா?

— ஒருநாள் நான் வர்றேன், ஒருநாள் நீ வா. அங்க நல்ல டீ இருக்கு. உன் வீட்டு டீ எனக்கு ஞாபகம் இருக்கு, நெனைச்சாலே குமட்டுது.

— வர்றேன், வர்றேன். ஆனா இந்தப் புகார் குடுத்தவனை மட்டும் நான் விடறதா இல்ல. மேட்டுல வெள்ளை வீடு வாங்கிட்டு லண்டன்லேர்ந்து வந்தானே, அவன்தானே மகளே?

— புகார் குடுத்தவங்க பேரை நாங்க சொல்லக் கூடாதுங்க ஐயா. இந்தப் பன்னு ரொம்ப நல்லா இருக்குங்க, எங்கே வாங்குனீங்க?

— இப்ப யாரு பேச்சை மாத்தறது? அவனாத்தான் இருக்கணும். மனுசன் தன் தம்பியைத் திட்டறதுகூடப் பொறுக்கல. இப்பவே போய் அவன் கதவைத் தட்டி…

— உக்காருண்ணே.

— என்ன சொன்னே?

— உக்காருண்ணே. புகார் குடுத்தது நான்தான். இந்தப் பக்கம் வர வேற சாக்கு கிடைக்கல.